போர்க்கைதியின் முகத்தை டிவியில் காட்டலாமா? "எல்லாரும் காட்டியாச்சே" என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

நைட்ஷிப்ட் எடிட்டர்:

வணக்கம். ஒரு தமிழ்ச் செய்தி சேனலில் வீடியோ எடிட்டராக இருக்கிறேன். பெரும்பாலும் இரவு ஷிப்ட். சேனல் பெயர் வேண்டாம்.

2025 ஜனவரியில் வந்த ஒரு ஃபுட்டேஜ் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதியில் ரஷ்யாவுக்காகச் சண்டை போட வந்த இரண்டு வட கொரிய வீரர்களை உக்ரைன் படை உயிரோடு பிடித்தது. அந்த வீடியோவை உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியே தன் பக்கத்தில் வெளியிட்டார். ஒருவருக்குத் தாடையைச் சுற்றிக் கட்டு, பேச முடியவில்லை. இன்னொருவர் கட்டிலில் படுத்திருக்கிறார், இரண்டு கையிலும் கட்டு. கொரிய மொழி தெரிந்த ஒருவர் கேள்வி கேட்கிறார். ஊருக்குத் திரும்பிப் போக விருப்பமா என்று கேட்டதும், படுத்திருப்பவர் கொஞ்ச நேரம் யோசிக்கிறார். உக்ரைன் மக்கள் எல்லாரும் நல்லவர்களா என்று கேட்கிறார். பிறகு, இங்கேயே வாழ விருப்பம் என்கிறார்.

இதைச் சொல்பவரின் குடும்பம் இருப்பது வட கொரியாவில். பிடிபடும் நிலை வந்தால் உயிரை விட்டுவிட வேண்டும் என்று அந்த வீரர்களுக்கு உத்தரவு இருந்ததாகத் தென் கொரிய உளவுத்துறை சொன்னதும் அதே வாரத்தில்தான். அப்படிப்பட்ட ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இந்தப் பதிலால் என்ன ஆகும்?

நான் முகத்துக்கு மாஸ்க் போட்டு, டிராக்கிங் பண்ணி பிளர் வைத்தேன். இன்சார்ஜ் எடுக்கச் சொன்னார். "அதிபரே போட்டிருக்கிறார், ஏஜென்சியும் பிளர் இல்லாமல்தான் அனுப்பியிருக்கிறது, உலகமே பார்த்தாயிற்று. நம்ம சேனலில் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?" பிளர் இல்லாமலே போனது. அப்புறம் விவாத நிகழ்ச்சியில் பாதித் திரையில் லூப் ஓடியது. யூடியூப் தம்ப்நெயிலில் அந்த முகத்தைப் பெரிதாக்கிச் சிவப்பு அம்புக்குறியும் போட்டார்கள்.

போக்சோ வழக்கு என்றால் யாரும் சொல்லாமலே பிளர் போடுகிறோம். பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவர் என்றால் வீட்டு வாசலைக்கூடக் காட்டுவதில்லை. போர்க்கைதி என்று வந்தால் மட்டும் டெஸ்க்கில் ஒரு விதியும் இல்லை. இந்த மாதிரி ஃபுட்டேஜ் வரும்போதெல்லாம் இதே பேச்சு, இதே பதில்.

அடுத்த வாரம் எடிட்டோரியல் மீட்டிங்கில் இதைப் பேச அனுமதி வாங்கியிருக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது? அது சேனலைக் கட்டுமா? ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட முகத்தை மறைப்பதில் அர்த்தம் இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

சட்ட வாத்தியார்:

மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை, 1949, பிரிவு 13. போர்க்கைதிகளை எப்போதும் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லி, வன்முறை, மிரட்டல், அவமதிப்பு என்று அடுக்கிவிட்டு, ஊர் வேடிக்கை பார்க்கும்படி விடக்கூடாது என்பதையும் அதே வரியில் சேர்த்திருக்கிறார்கள். அந்தத் தலைமுறை பார்த்தது தெரு ஊர்வலங்களை. 1944 ஜூலையில் மாஸ்கோவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியக் கைதிகளை வீதி வீதியாக நடக்க வைத்தார்கள். உடன்படிக்கை வந்த பிறகும் 1966 ஜூலையில் ஹனோயில் அமெரிக்க விமானிகளை விலங்கு போட்டு, கூட்டம் அடிக்க அடிக்க நடத்திச் சென்றார்கள். டிவி வந்த பிறகு தெரு தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

இந்தியா 1950இல் இந்த உடன்படிக்கையை ஏற்றது. 1960இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமும் போட்டது.

இது யாரைக் கட்டும்? நேரடியாகக் கட்டுவது கைதியை வைத்திருக்கும் அரசை. உங்கள் சேனல்மீது இதை வைத்து யாரும் வழக்குப் போட முடியாது. நம் கேபிள் டிவி விதிகளிலும் போர்க்கைதி என்று தனி வரி கிடையாது. ஆனால் உங்கள் இன்சார்ஜ் சொன்ன "அதிபரே போட்டார்" என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். கைதியை வைத்திருக்கும் நாட்டின் தலைவரே அவர்தான். மறைக்க வேண்டிய கடமை முதலில் அவருக்குத்தான். அவர் தவறினார் என்பது நமக்கு எப்படி அனுமதி ஆகும்? 2022 மார்ச்சிலேயே ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு இதைச் சுட்டிக்காட்டி, ரஷ்யக் கைதிகளின் வீடியோக்களைப் போடுவதை நிறுத்தச் சொல்லி உக்ரைனைக் கேட்டுக்கொண்டது. உக்ரைன்மீது படையெடுத்தது ரஷ்யா என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. கைதியின் உரிமை யார் முதலில் அடித்தார் என்பதைப் பார்த்து வருவதில்லை.

செஞ்சிலுவைச் சங்கம் பல வருடங்களாகச் சொல்லி வருவது இது: இவர் இன்னார் என்று அடையாளம் தெரிகிற எந்தப் படமும் பொதுவாகப் பிரிவு 13க்கு விரோதம். விலக்கு உண்டு. கொடுமை நடந்ததை வெளிக்கொண்டுவர வேண்டும் என்பது போல அழுத்தமான பொதுநலன் இருந்தால் காட்டலாம், அப்போதும் மானத்தைக் காத்து. இராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள், 2004 ஏப்ரலில் அமெரிக்காவின் சிபிஎஸ் டிவி ஒளிபரப்பியவை, அந்த வகை. அவற்றை வெளியிடாமல் இருந்தால் நன்மை அடைந்திருப்பது சிறைக்காரர்கள்தான்.

இன்னொன்று, பிரிவு 17. கைதி சொல்ல வேண்டியது பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண், அவ்வளவே. "ஊருக்குப் போக விருப்பமா" என்று கேமரா முன்னால் கேட்பது அந்த நான்கில் வராது.

—

தாம்பரம் வாசி:

தம்பி, நான் உங்கள் இன்சார்ஜ் பக்கம்தான் பேசப் போகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் கணவர் விமானப்படையில் கிரவுண்ட் ஸ்டாஃபாக இருந்து ஓய்வு பெற்றவர். 2019 பிப்ரவரி 27 அன்று விமானி அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்ட செய்தி வந்தபோது எங்கள் குடியிருப்பில் யார் வீட்டிலும் உலை வைக்கவில்லை. அபிநந்தனின் அப்பாவும் விமானப்படையில் ஏர் மார்ஷலாக இருந்தவர். கண்ணைக் கட்டி, முகமெல்லாம் ரத்தமாக அந்த முதல் வீடியோ வாட்ஸப்பில் வந்தது. பார்த்து அழுதோம். ஆனால் அந்த வீடியோ வந்ததால்தான் பிழைத்தார் என்று என் கணவர் அன்றே சொன்னார். உயிரோடு இருக்கிறார், பெயர் சொல்கிறார், எண் சொல்கிறார். உலகமே பார்த்த பிறகு "அப்படி யாரும் எங்களிடம் இல்லை" என்று சொல்ல முடியுமா?

1971 போரில் காணாமல் போன 54 பேரை நினைத்துப் பாருங்கள். நம் அரசே பட்டியல் வைத்திருக்கிறது. பாகிஸ்தான் இல்லை என்றே சொல்லி வந்தது. அந்தப் போர் முடிந்த சமயம் டைம் பத்திரிகையில் கம்பிக்குப் பின்னால் ஒரு இந்திய வீரர் நிற்கும் படம் வந்தது. இவர் எங்கள் பிள்ளை என்று ஒரு குடும்பம் அடையாளம் சொன்னது. அந்த ஒரு படம்தான் அவர்களுக்கு மிச்சம். அதில் முகத்தை மறைத்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

அப்புறம் எப்படி முகத்தைக் காட்டக் கூடாது என்பீர்கள்?

—

பழைய டெஸ்க்:

தாம்பரம் அம்மா சொன்னதைத் தள்ளிவிட முடியாது. இந்த விஷயத்தில் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் வாதங்களில் கனமானது அதுதான். முப்பது வருடத்துக்கு மேல் செய்தி டெஸ்க்கில் இருந்தவன் என்ற முறையில் என் பதிலைச் சொல்கிறேன்.

ஒருவர் உயிரோடு எதிரி கையில் இருக்கிறார் என்பது செய்தி. அதை அடக்கக் கூடாது. பெயர் தெரிந்துவிட்டால், குடும்பத்துக்குத் தகவல் போய்விட்டால், பெயரையும் சொல்லலாம். ஆனால் அபிநந்தன் விஷயத்தில் வந்தது ஒரு வீடியோ இல்லை அம்மா. ரத்தத்தோடு கண் கட்டிய வீடியோ முதலில் வந்தது, பிறகு பாகிஸ்தான் தரப்பே அதை நீக்கிவிட்டது. அடுத்தது டீ கோப்பையோடு வந்தது. மூன்றாவது, மார்ச் 1 அன்று இரவு, வாகா எல்லையில் அவரை ஒப்படைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. அது நிறைய வெட்டு விழுந்த வீடியோ. எடிட்டர் தம்பி பார்த்தால் ஒவ்வொரு ஜம்ப் கட்டையும் எண்ணிச் சொல்லிவிடுவார். அதில் அவர் பாகிஸ்தான் ராணுவத்தைப் பாராட்டுகிறார், இந்திய ஊடகங்களைக் குறை சொல்கிறார். உயிரோடு இருக்கிறார் என்பதற்கு முதல் வீடியோவில் ஒரு நொடி போதும். மூன்றாவது எதற்கு? பிடித்தவனுக்காக. நம் வெளியுறவுத்துறையும் காயம்பட்டவரைக் கேவலமாகக் காட்சிக்கு வைத்ததாகத்தான் கண்டனம் தெரிவித்தது.

டீ வீடியோவில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. என்ன விமானம் ஓட்டினீர்கள் என்று கேட்கிறார்கள். அதைச் சொல்லக் கூடாது என்கிறார். என்ன பணியாக வந்தீர்கள் என்று கேட்டாலும் அதே பதில். வாத்தியார் சொன்ன பிரிவு 17ஐ அந்த மனிதர் அந்த நிலையிலும் காப்பாற்றினார். ஆனால் கேலிக்கும் மீமுக்கும் எடுத்துக்கொண்டது டீயை.

குடும்பத்துக்குச் சேதி போக வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் கைதி வீட்டுக்கு ஒரு அட்டை எழுத உடன்படிக்கையிலேயே உரிமை உண்டு. ஜெனீவாவில் இருக்கும் செஞ்சிலுவை அலுவலகத்துக்கும் தகவல் போக வேண்டும். அவர்கள் நேரில் வந்து கைதியைத் தனியே பார்த்துப் பேசலாம். 1971 குடும்பங்களுக்கு நடக்காமல் போனது இந்தப் பதிவும் சந்திப்பும். இரண்டும் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று எழுதுவது எங்கள் வேலை. டிவி அதற்கு மாற்று இல்லை.

டிவி வழியாகச் சேதி போனால் எப்படி இருக்கும் தெரியுமா? 2003 மார்ச் 23, இராக் போர். நாசிரியா ஊரில் வழி தவறிய அமெரிக்க ராணுவப் பராமரிப்புப் பிரிவு ஒன்று மாட்டிக்கொண்டது. பிடிபட்ட ஐந்து பேரை இராக் டிவி காட்டியது, அல் ஜசீரா மறுஒளிபரப்பு செய்தது. அதில் ஷோஷானா ஜான்சன் என்ற பெண் இருந்தார். ராணுவத்தில் அவர் வேலை சமையல். இரண்டு கணுக்காலிலும் குண்டு. கேமரா முன்னால் கண்கள் ஒரு இடத்தில் நிற்காமல் அலைபாயும். டெக்சாஸில் அவருடைய அப்பா, பேத்திக்குக் கார்ட்டூன் தேடி சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது, ஸ்பானிய மொழிச் சேனலில் மகள் பிடிபட்ட செய்தியைப் பார்த்தார். ராணுவம் வந்து சொல்வதற்கு முன்னால். பக்கத்தில் அந்தக் குழந்தை இருந்தது.

அன்றைக்கே அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் டிவியில் தோன்றி, இது ஜெனீவா உடன்படிக்கைக்கு விரோதம் என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் அதே வாரம் சரணடைந்த இராக் வீரர்கள் மண்ணில் மண்டியிட்டுக் கிடப்பதை அமெரிக்கச் சேனல்கள் நாள் முழுக்க, முகம் தெரியக் காட்டிக்கொண்டிருந்தன. அதே வருடம் டிசம்பரில் சதாம் உசேன் பிடிபட்டபோது, மருத்துவர் அவர் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கும் காட்சியை அமெரிக்க அரசே வெளியிட்டது. மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பது போல நடத்தினார்கள் என்று வாடிகனின் கர்தினால் மார்ட்டினோ வருத்தப்பட்டார். சதாம் எத்தனை பேரைக் கொன்றார் என்பது எனக்கும் தெரியும். அதற்கு நீதிமன்றம் இருக்கிறது.

கைதி கேமராவில் சொல்வதை "பேட்டி" என்று போடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். 1966இல் ஜெரமையா டென்டன் என்ற அமெரிக்க விமானியை வட வியட்நாம் கேமரா முன் உட்கார வைத்தது. வாயால் பதில் சொல்லிக்கொண்டே, விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுவது போல இமைத்து இமைத்து, மோர்ஸ் குறியீட்டில் "சித்திரவதை" என்று எழுத்துக் கூட்டினார். எல்லாருக்கும் அந்தத் துணிச்சலும் சாமர்த்தியமும் வருமா? 2022இல் உக்ரைனின் மரியுபோலில் ரஷ்யத் தரப்பிடம் பிடிபட்ட பிரிட்டன்காரர் எய்டன் ஆஸ்லினை, கையில் விலங்கோடு உட்கார வைத்து, இன்னொரு பிரிட்டன்காரரே யூடியூபுக்காகப் பேட்டி எடுத்தார். இரண்டு மாதத்தில் அவருக்கு மரண தண்டனை என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில்தான் தப்பித்தார். அந்தப் பேட்டி எடுத்தவர்மீது பிரிட்டன் அரசு தடை விதித்தது. ஒருவர் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும்போது "சம்மதம் வாங்கித்தான் எடுத்தோம்" என்பதற்கு என்ன மதிப்பு?

தம்பி, உன் மீட்டிங்குக்கு: சட்டத்தை மட்டும் நம்பாதே, சட்டம் உன் சேனலைக் கட்டாது என்பது அவர்களுக்கும் தெரியும். வேலை செய்கிற மாதிரி கேள். தூரத்திலிருந்து எடுத்த ஷாட், முதுகுப் பக்கம், கட்டுப் போட்ட கை, இவற்றை வைத்தே செய்தியைச் சொல்லிவிடலாம். கைதியின் குரலை எடுத்துவிட்டு வாய்ஸ் ஓவர் போடலாம். இந்தப் படத்தை எடுத்து வெளியிட்டது யார் என்பதைத் திரையிலேயே எழுத வேண்டும். "கைதியாக இருக்கும்போது பேசியது" என்பதையும். ஒரு புல்லட்டினில் ஒரு முறை, லூப் கூடாது. தம்ப்நெயிலில் முகம் அறவே கூடாது. நாங்கள் இருந்த காலத்தில் ஆசிரியர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "இந்தப் படம் போனால் யாருக்கு லாபம்? கைதிக்கா, பிடித்தவனுக்கா, நமக்கா?" கைதிக்கு என்று வராதபோது அவர் படத்தை எடுத்துவிடுவார்.

"எல்லாரும் பார்த்தாயிற்று" என்பது தமிழில் மட்டும் செய்தி பார்ப்பவர்களுக்குப் பொருந்தாது. உன் சேனலில்தான் அவர்கள் முதல் முறை பார்க்கிறார்கள்.

—

வன்னியாள்:

ஐயா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் இப்போது கனடாவில் இருக்கிறேன். என் சித்தியின் மகன் இலங்கையில் போர் முடிந்த 2009 மே மாதம் சரணடைந்தவன். இன்று வரை ஒரு தகவலும் இல்லை.

2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 டிவி அந்த வீடியோவைப் போட்டபோது, கண்ணும் கையும் கட்டப்பட்ட ஆட்களைச் சுடுகிற அந்தக் காட்சியை, நாங்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அவன்தானா என்று. பிறகு வந்த ஒவ்வொரு வீடியோவையும் அப்படித்தான். சித்தி தோள்பட்டையைப் பார்ப்பா, காதைப் பார்ப்பா. முகம் தெளிவாகத் தெரியவில்லையே என்று அழுவா. அதனால் "மறை" என்று நான் லேசாகச் சொல்ல மாட்டேன். தாம்பரம் அக்கா சொல்வது எனக்கு நன்றாக விளங்குகிறது.

அந்த வீடியோ பொய் என்று இலங்கை அரசு சொன்னது. ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் நிபுணர்களை வைத்துப் பரிசோதித்து, உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் சொன்னார். அதற்கு மூல வீடியோ வேண்டியிருந்தது, மறைக்காதது. ஆகவே மூலம் எங்கோ பத்திரமாக இருக்க வேண்டும். விசாரிப்பவர் கையிலும், தேடுகிற குடும்பத்தின் கையிலும் கிடைக்க வேண்டும்.

ஆனால் டிவியில் நடந்தது வேறு. பெண் பிள்ளைகளின் உடல்களை, உடுப்பில்லாமல் கிடந்தவர்களை, பின்னணி இசை போட்டு, அரை மணிக்கு ஒரு தரம் ஓட விட்டார்கள். எங்களுக்காகப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டே செய்தார்கள். அதைப் போட்டவர்களுக்குக் கோபம் இருந்தது, அது உண்மையான கோபம்தான், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் தாய்மாரும் தமிழ் டிவிதான் பார்க்கிறார்கள் என்று ஒருவரும் நினைக்கவில்லை. குற்றத்தைக் காட்ட ஒரு தரம், முகத்தையும் உடம்பையும் மூடிக் காட்டினால் போதாதா?

வாத்தியாரிடம் ஒரு கேள்வி. எங்கள் ஆட்களைப் போர்க்கைதி என்றே கணக்கில் எடுக்கவில்லை. அப்படியானவர்களுக்கு இந்தச் சட்டம் இல்லையா?

—

சட்ட வாத்தியார்:

உண்டு. பிரிவு 13 நாடுகளுக்கு இடையிலான மோதலுக்கு. அதற்குப் போர் என்று அறிவிப்பு வேண்டியதில்லை, 2019இல் டிவி விவாதங்களில் இதைப் போட்டுக் குழப்பினார்கள். உள்நாட்டு மோதல் என்றால் நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான பிரிவு 3 இருக்கிறது. ஆயுதத்தைக் கீழே போட்டவர் யாராக இருந்தாலும், அவரைக் கொல்வதும் சித்திரவதை செய்வதும் மட்டுமல்ல, அவர் மானத்தைக் குலைக்கிற எதுவும் குற்றம். இலங்கை அரசையும் அது கட்டும், எதிர்த்துப் போரிட்டவர்களையும் கட்டும். உங்கள் தம்பியைப் பற்றிச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

—

நைட்ஷிப்ட் எடிட்டர்:

எல்லாருக்கும் நன்றி. தாம்பரம் அம்மா, கோபம் எல்லாம் இல்லை. நீங்கள் கேட்டதுதான் மீட்டிங்கிலும் முதல் கேள்வியாக வந்தது, அதே 1971 பேச்சோடு. நேற்று மீட்டிங் முடிந்தது.

ஷோஷானா ஜான்சனின் அப்பா கதையைச் சொன்னேன். இன்சார்ஜுக்கும் சின்னப் பெண் குழந்தை உண்டு. அவர் அதற்கப்புறம் எதிர்த்துப் பேசவில்லை.

முடிவானது இவ்வளவு: தம்ப்நெயிலில் கைதி முகம் இனி வராது. பிடித்த தரப்பு வெளியிட்ட காட்சி என்றால் அதைத் திரையில் எழுத வேண்டும். "பிரத்யேகப் பேட்டி" என்ற கார்டு கிடையாது. முழு பிளருக்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் ஷிப்ட் எடிட்டரைக் கேட்டு முடிவு பண்ணலாம் என்றார்கள். லூப் விஷயத்தில் விவாத நிகழ்ச்சிக் குழு மறுக்கிறது, பாதித் திரைக்கு வேறு விஷுவல் இல்லை என்கிறார்கள். வரைபடம், ஃபைல் ஷாட் எல்லாம் வைத்து ஒரு ஃபோல்டர் தயார் பண்ணிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வன்னி அக்கா சொன்ன மூலப் பிரதி விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. எங்கள் சர்வரில் பழைய ஃபீட் தானாக அழிந்துவிடும். இந்த வகை ஃபுட்டேஜை மட்டும் எடுத்து ஆர்கைவில் பூட்டி வைக்க முடியுமா என்று ஐடி ஆட்களிடம் கேட்டிருக்கிறேன்.

வாத்தியார் சார், பிரிவு 3, 13, 17 மூன்றையும் தமிழில் அரைப் பக்கத்துக்குள் எழுதித் தர முடியுமா? எடிட் பேயில் ஒட்டி வைக்க.

—

சட்ட வாத்தியார்:

திங்கட்கிழமைக்குள் இங்கேயே போடுகிறேன். பிரிவு 70ஐயும் சேர்க்கிறேன், வீட்டுக்கு அட்டை எழுதும் உரிமை அதில்தான் வருகிறது.